கீழே ஃப்ரீசர், மேலே ஃப்ரிட்ஜ்: பழுதைத் தேடும் முறை

ஃப்ரீசரில் வைத்த மீன் உறைந்து கிடக்கிறது. மேல்தட்டில் வைத்த பால் மறுநாள் காய்ச்சும்போது திரிந்துவிடுகிறது. ஃப்ரீசர் கீழேயும் ஃப்ரிட்ஜ் மேலேயும் அமைந்த பெட்டிகளைப் பற்றி வீடுகளில் அடிக்கடி எழும் புகார் இது. ‘கேஸ் போயிருக்கும்’ என்ற விடையும் உடனே வந்துவிடும். சில ஆயிரம் ரூபாய் செலவழித்துக் கேஸ் ஏற்றுகிறார்கள். சில நாட்கள் பெட்டி நன்றாகக் குளிர்கிறது. பிறகு பால் மறுபடியும் திரிகிறது. இப்படி நடந்தால், குளிர்ச்சி திரும்பியதற்கு ஏற்றிய கேஸ் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. வேலை நடக்கும்போது பெட்டி பல மணி நேரம் அணைந்து கிடந்ததில் உள்ளே அடைத்திருந்த ஐஸ் உருகியிருக்கும். காற்று போக வழி திறந்திருக்கும். ஐஸ் மீண்டும் சேர்ந்ததும் வழி மூடிக்கொள்கிறது.

கீழ்ஃப்ரீசர் பெட்டியின் பராமரிப்பு குறித்து இக்கட்டுரை வலியுறுத்துவது இதைத்தான்: இதன் கோளாறுகளில் பெரும்பகுதி காற்று போகும் வழியிலோ தண்ணீர் வடியும் வழியிலோ தொடங்குகிறது. இவ்விரண்டையும் பார்த்து முடித்த பிறகே கேஸையும் கம்ப்ரசரையும் சந்தேகிக்க வேண்டும். இந்த வரிசை தெரிந்திருந்தால் வீட்டிலேயே தீர்க்கக்கூடியவை தீரும். மெக்கானிக் தேவைப்படும்போது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் தெளிவாகும்.

அமைப்பு

கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது. அழுத்தத்தில் சூடான கேஸ் கண்டன்சர் குழாய்களில் தன் வெப்பத்தைப் பெட்டிக்கு வெளியே விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் மிக மெல்லிய கேபிலரிக் குழாயைக் கடந்து கூலிங் காயிலுக்குள் நுழைந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. எல்லா ஃப்ரிட்ஜுக்கும் இது பொது. காயில் எங்கே இருக்கிறது, அதன் குளிர் மற்ற அறைக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

ஃப்ரீசர் மேலே இருக்கும் பெட்டியில் குளிர்ந்த காற்று தன் கனத்தால் கீழே இறங்க முனையும். இயற்கையே பாதி வேலையைச் செய்துவிடும். ஃப்ரீசர் கீழே இருந்தால் அந்த உதவி இல்லை. கனமான குளிர்காற்றை ஒரு சிறிய ஃபேன்தான் பின்சுவருக்குள் செல்லும் குழாய்வழி மேலே தள்ள வேண்டும். எவ்வளவு காற்று மேலறைக்குப் போகலாம் என்பதை டேம்பர் என்னும் சிறு கதவு திறந்தும் மூடியும் தீர்மானிக்கிறது. ஃபேன் நின்றாலும், டேம்பர் சிக்கிக்கொண்டாலும், குழாயில் ஐஸ் அடைத்தாலும் முதலில் வாடுவது மேலறைதான். கீழறை அப்போதும் ஓரளவு குளிராகவே இருக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கம்ப்ரசர் பெரும்பாலும் பின்பக்கம் அடியில்தான் இருக்கும். மேல்ஃப்ரீசர் பெட்டியில் அதன் சூட்டுக்கும் ஃப்ரீசருக்கும் இடையே ஒரு முழு அறை இருக்கிறது. கீழ்ஃப்ரீசரில் மிகக் குளிரான அறையும் மிகச் சூடான பாகமும் ஒரு சுவர் இடைவெளியில் அடுத்தடுத்து அமைகின்றன. அதனால் பின்பக்கம் காற்றோட்டம் குறைந்தால் ஃப்ரீசருக்குச் சுமை கூடும்.

இத்தனைக்கும் இந்த அமைப்பை விரும்புவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் அன்றாடம் எடுப்பவை இட்லி மாவு, பால், தயிர், காய்கறி, கீரை; ஃப்ரீசரை அவ்வளவு அடிக்கடி திறப்பதில்லை. அடிக்கடி எடுப்பவை கண்மட்டத்தில் இருந்தால் குனிந்து நிமிரும் வேலை குறைகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இரண்டு குடும்பங்கள்

பழுது பார்க்கும் முன் பெட்டி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். முதல் குடும்பத்தில் ஒரே காயில், ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். மேலே சொன்ன ஃபேனும் டேம்பரும் இதற்குரியவை. இரண்டாம் குடும்பத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் தனித்தனிக் காயில் உண்டு. ஐரோப்பிய வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் கீழ்ஃப்ரீசர் பெட்டிகளில் இவ்வகை மிகுதி. அவற்றில் பலவற்றில் மேலறையின் காயில் பின்சுவருக்குள் புதைந்திருக்கும். கம்ப்ரசர் ஓடும்போது அந்தச் சுவரில் மெல்லிய பனி படியும். நின்றதும் அது நீராகி வழியும். சுவரில் நீர்த்துளியைக் கண்டு பயந்து ஆள் அழைக்க வேண்டியதில்லை. அது அவ்வகையின் இயல்பு.

மேலறையின் பின்சுவரில் காற்று வரும் துளைகள் இருந்து, கதவு ஸ்விட்சை விரலால் அழுத்தினால் ஃபேன் ஒலி கேட்டால் பெரும்பாலும் முதல் குடும்பம். பின்சுவர் வழவழப்பாக இருந்து, அதன் அடியில் ஒரு வடிகால் துளை தெரிந்தால் இரண்டாவது.

முதலில் அளவு

கையால் தொட்டு ‘சில்லென்று இருக்கிறது’ என்று சொல்வது அளவாகாது. மீன் உறைந்திருப்பதும் போதுமான சான்றல்ல. −8 டிகிரியிலும் மீன் உறைந்துதான் இருக்கும். மேலறை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. ஃப்ரீசர் −18 டிகிரியில் நிற்க வேண்டும். உணவுப் பாதுகாப்புக்காகப் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லைகள் இவை.

சிறு தெர்மாமீட்டர் ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் இட்டு நடுத்தட்டில் இரவு முழுதும் வைத்துக் காலையில் கதவு திறந்ததும் பார்க்க வேண்டும். காற்றின் வெப்பம் கதவு திறக்கும்போதெல்லாம் மாறும். தண்ணீரின் அளவே உணவின் நிலையைக் காட்டும். ஃப்ரீசரில் இரண்டு உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே அதைச் செருகிப் பார்க்கலாம். அளவை மாற்றி வைத்தால் 24 மணி நேரம் பொறுத்துத்தான் மறுபடி அளக்க வேண்டும். பதற்றத்தில் அரைமணிக்கொரு முறை குமிழைத் திருப்பினால் எதுவும் விளங்காது.

இரண்டு அளவுகளும் கையில் இருந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். முதல் குடும்பத்துப் பெட்டியில் ஃப்ரீசர் −18, மேலறை 10 என்றால் காற்றுவழியில் தடை. ஃப்ரீசர் −8, மேலறை 12 என்றால் பல காரணங்கள் சாத்தியம். வரிசையாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். மேலறை 0 டிகிரிக்கு இறங்கித் தக்காளியும் கீரையும் உறைந்தால் டேம்பர் திறந்தபடி சிக்கியிருக்கலாம், சென்சார் தவறான அளவு சொல்லலாம், அல்லது காய்கறி காற்றுத் துளைக்கு நேரே வைக்கப்பட்டிருக்கலாம்.

காற்றின் வழி

முதலில் பார்க்க வேண்டியவை மிக எளியவை. மாவுத் தூக்கு, சாம்பார்ப் பாத்திரம், காய்கறிப் பை எதுவும் பின்சுவர்த் துளைகளை ஒட்டி இருக்கக்கூடாது. ஃப்ரீசர் இழுப்பறையில் மேல்விளிம்பு வரை திணித்தால் காற்று காயிலுக்குத் திரும்பி வரும் வழியும் அடைபடும். ஃப்ரீசரில் பொருள் நிறைந்திருப்பது நல்லது, ஏனென்றால் உறைந்த பொருளே குளிரைச் சேமித்து வைக்கும். மேலறையில் இடைவெளி விட்டு வைப்பது நல்லது, ஏனென்றால் அங்கே குளிரைக் கொண்டுவருவது ஓடும் காற்று. ‘ஃப்ரிட்ஜ் நிறைய இருக்க வேண்டுமா, காலியாக இருக்க வேண்டுமா’ என்ற பழைய விவாதத்துக்கு அறைக்கு அறை விடை வேறு.

அடுத்தது கதவு ரப்பர். கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி மெல்ல இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். நான்கு பக்கமும் இப்படிப் பார்க்கலாம். தளர்ந்த இடத்தில் மாவு, குழம்புக் கறை காய்ந்து ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரால் துடைத்தாலே பல ரப்பர்கள் சரியாகும். கீழ்ஃப்ரீசர் இழுப்பறை வகையாக இருந்தால் ஒரு பொட்டலத்தின் மூலை நீட்டிக்கொண்டிருந்தாலும் அது முழுதும் மூடாது. முன்விளிம்பில் கோடாகப் பனி படிந்திருந்தால் அதுதான் காரணம். பெட்டியின் முன்கால்களைச் சற்றே உயர்த்தி வைத்தால் மேற்கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

ரப்பர் இவ்வளவு முக்கியமாவது நம் காற்றின் ஈரத்தால். மேற்கதவைத் திறக்கும்போது குளிர்காற்று கீழே வழிந்து வெளியேறுகிறது; அந்த இடத்தை வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று நிரப்புகிறது. அந்த ஈரம் முழுதும் கடைசியில் காயிலில் போய்ப் பனியாகப் படியும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஐஸ் தொல்லை கூடுவது இதனால்தான். மூடாத பாத்திரத்தில் ஆவி பறக்கும் குழம்பை வைத்தாலும் இதே விளைவு.

ஐஸ் உருகும் ஏற்பாடு

‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ பெட்டியிலும் காயிலில் பனி படியத்தான் செய்கிறது. அது அவ்வப்போது தானாக உருக்கப்படுகிறது, அவ்வளவே. பழைய வகையில் கம்ப்ரசர் 6 முதல் 12 மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்தி, காயிலை ஒட்டிய ஹீட்டரை இயக்கும். புதியவற்றில் கதவு திறப்பையும் ஓட்ட நேரத்தையும் கணக்கிட்டு போர்டு இதை முடிவு செய்கிறது. பனி உருகியதும் காயிலில் உள்ள தெர்மோஸ்டாட்டோ சென்சாரோ ஹீட்டரை நிறுத்தும். அளவு மீறிச் சூடானால் ஒரு ஃப்யூஸ் அறுந்து ஆபத்தைத் தடுக்கும். ஹீட்டர், தெர்மோஸ்டாட், ஃப்யூஸ், டைமர் அல்லது போர்டு என இவற்றில் ஒன்று கெட்டாலும் பனி உருகாமல் அடுக்கடுக்காக ஏறி, காயிலின் இடுக்குகளை அடைத்துவிடும். கம்ப்ரசர் ஓடும், கேஸ் நிறைவாக இருக்கும், ஆனால் காற்று நகராது.

இதைக் கண்டறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உணவை வேறிடம் மாற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரு கதவுகளையும் திறந்து, கீழே துணிகளைப் பரப்பி ஒரு நாள் முழுதும் விட வேண்டும். பிறகு மூடி ஓட விட்டு அளவு பார்க்க வேண்டும். பெட்டி சரியாகக் குளிர்ந்து, சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ மேலறை மட்டும் மீண்டும் சூடேறினால் ஐஸ் உருக்கும் ஏற்பாட்டில்தான் பழுது. கேஸும் கம்ப்ரசரும் நன்றாக இருக்கின்றன என்பதற்கும் அந்த இடைப்பட்ட நாட்களே சான்று. ஐஸ் உருகிய பிறகும் சரியாகக் குளிராவிட்டால் ஃபேன், டேம்பர், கேஸ், கம்ப்ரசர் என்று தேடல் நகரும்.

ஒரு எச்சரிக்கை: ஐஸைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்திப் பெயர்க்கக் கூடாது. காயிலும் குழாயும் பெரும்பாலும் மெல்லிய அலுமினியம். ஒரு குத்தில் பெட்டியின் ஆயுள் முடிந்துவிடக்கூடும்.

நீரின் வழி

உருகிய நீர் காயிலுக்கு அடியில் உள்ள வாய்க்காலில் சேர்ந்து, ஒரு துளை வழியே கம்ப்ரசருக்கு மேலிருக்கும் தட்டில் விழுந்து, அதன் சூட்டில் ஆவியாக வேண்டும். கீழ்ஃப்ரீசரில் இந்தத் துளை ஃப்ரீசரின் உறைகுளிருக்குள்ளேயே இருக்கிறது. உணவுத் துணுக்கோ பாசியோ சற்றே அடைத்தால் தேங்கும் நீர் அங்கேயே உறைந்து அடைப்பை முழுமையாக்கும். பிறகு ஒவ்வொரு முறை உருகும் நீரும் ஃப்ரீசரின் தரையில் பரவி ஐஸ் பாளமாகும், இழுப்பறை சிக்கும், ஒருநாள் நீர் முன்பக்கம் கசிந்து சமையலறைத் தரைக்கு வரும்.

ஃப்ரீசர் தரையில் ஐஸ் பாளம் தெரிந்தால் வடிகாலைத்தான் முதலில் நினைக்க வேண்டும். மேலே சொன்னபடி முழுதாக உருக விட்டு, துளை தெரிந்தால் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அது பின்தட்டில் விழுகிறதா என்று பார்க்கலாம். சில பெட்டிகளில் குழாயின் நுனியில் ரப்பர் வாய் ஒன்று இருக்கும். அதில் அழுக்குச் சேர்ந்து ஒட்டிக்கொண்டாலும் நீர் இறங்காது. இரண்டாம் குடும்பத்துப் பெட்டியில் காய்கறிப் பெட்டிக்கு அடியில் நீர் தேங்கினால் பின்சுவர்த் துளையை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் துழாவினால் போதும்.

பின்தட்டைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருக அதில் தேங்கும் நீர் போதும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். தட்டைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பாதுகாப்பு.

இரண்டு அறையும் குளிராவிட்டால்

இப்போது கவனம் பெட்டிக்கு வெளியே திரும்ப வேண்டும். புதிதாக வாங்கிய பெட்டி விளக்கெரிந்தும் குளிராவிட்டால், கடையில் காட்சிக்கு வைப்பதற்கான டெமோ நிலையில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்க்க வேண்டும். அடுத்து, வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா? இன்றைய பல பெட்டிகளில் கண்டன்சர் குழாய்கள் பக்கச்சுவர்களுக்குள் இருக்கின்றன. சுவர் கைக்குச் சூடாக இருப்பது அதனால்தான், அது கோளாறல்ல. பெட்டியை மூலையில் நெருக்கித் தள்ளி, பிளாஸ்டிக் உறை மாட்டி, மேலே துணிகளையும் பாத்திரங்களையும் அடுக்கும் வழக்கம்தான் கோளாறு. பின்புறம் திறந்த கண்டன்சரும் அதற்கான ஃபேனும் உள்ள பெட்டியில் தூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை துலக்க வேண்டும். குழாய்கள் சுவருக்குள் மறைந்த பெட்டியில் இடைவெளி விடுவதே பராமரிப்பு.

வாங்கும்போதே பார்க்க வேண்டிய ஓர் எழுத்தும் உண்டு. பெட்டியின் தகட்டில் தட்பவெப்ப வகை குறிக்கப்பட்டிருக்கும். ‘என்’ வகை 32 டிகிரி வரையிலும், ‘எஸ்டி’ 38 வரையிலும், ‘டி’ 43 வரையிலும் சூழும் வெப்பத்தைத் தாங்கி ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊர்களுக்கு ‘டி’ வகையே உரியது.

மின்சாரம் மற்றொரு காரணம். சாதாரணக் கம்ப்ரசர், கரண்ட் போய் உடனே வந்தால், குழாய்க்குள் அழுத்தம் சமனாகும் முன் கிளம்ப முயன்று திணறும். ‘டக்’ என்று ஒலித்து, சிறிது உறுமி, மீண்டும் ‘டக்’ என்று நிற்பது அந்தத் திணறலின் ஒலி. இதற்காகத்தான் சில நிமிடங்கள் தாமதித்து மின்சாரம் தரும் ஸ்டெபிலைசர் உதவுகிறது. எந்நேரமும் அந்த ஒலி தொடர்ந்தால் ரிலேயோ ஓவர்லோடோ கெட்டிருக்கலாம்; அவை விலை குறைந்த பாகங்கள், அவற்றை மாற்றிப் பார்க்காமல் கம்ப்ரசரைக் குற்றம் சொல்லக் கூடாது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவாகக் கிளம்பி நெடுநேரம் ஓடுவது. அது நிற்காமல் ஓடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஸ்டெபிலைசர் வேண்டுமா என்பதை அதன் கையேடு தரும் வோல்ட்டேஜ் வரம்பையும் நம் தெருவின் வோல்ட்டேஜையும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதே சிறந்த பாதுகாப்பு. மூடியே வைத்தால் மேலறை சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொது வழிகாட்டல். நம் கோடையில் அதைவிடக் குறைவாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால், சென்னை 2015 டிசம்பரில் கண்டதைப் போல, நீர் வடிந்ததும் பிளக்கை மாட்டிப் பார்ப்பது ஆபத்து. கம்ப்ரசரும் ரிலேயும் அடியில் இருப்பவை. தெரிந்தவர் திறந்து உலர்த்திச் சோதித்த பிறகே இயக்க வேண்டும்.

கேஸைப் பற்றி

கேஸ் தீர்ந்துபோகும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டு அடைக்காமல் ஏற்றும் கேஸ் மீண்டும் வெளியேறும். ஃப்ரீசரின் பின்பலகையைத் திறந்து காட்டச் சொல்வது நுகர்வோரின் நியாயமான கோரிக்கை. காயில் முழுதும் சீராக மெல்லிய பனி இருந்தால் கேஸ் சரி. முழுதும் தடித்த ஐஸ் மூடியிருந்தால் உருக்கும் ஏற்பாடு பழுது. கேஸ் நுழையும் முனையில் மட்டும் பனி படிந்து மீதி வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு அல்லது கேபிலரி அடைப்பு. எங்குமே பனி இல்லாவிட்டால் கேஸ் முற்றிலும் போயிருக்கலாம், அல்லது கம்ப்ரசர் அழுத்தவில்லை.

1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் ஓசோனைக் கெடுக்கும் ஆர் 12 வழக்கொழிந்தது. ஹைட்ரோகார்பனில் ஓடும் வீட்டு ஃப்ரிட்ஜுகள் 1993-இல் ஜெர்மனியில் சந்தைக்கு வந்தன. இன்று பெரும்பாலான புதிய பெட்டிகளில் இருக்கும் ஆர் 600ஏ என்பது ஐசோபியூட்டேன். சூழலுக்கு இதமானது, ஆனால் தீப்பற்றக்கூடியது, காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே எரியும். இதை எடை பார்க்கும் கருவியில் கிராம் கணக்கில் ஏற்ற வேண்டும். கைக்கணக்கில் ஏற்றக் கூடாது. கேஸ் இருக்கும் குழாயில் நெருப்பு வைத்து ஒட்டவைக்கவும் கூடாது. இந்த வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது. பின்பலகையைத் திறப்பது, போர்டைத் தொடுவது, ஹீட்டரைச் சோதிப்பது ஆகியவற்றையும் மின்வேலை தெரியாதவர்கள் செய்யக்கூடாது.

வைத்திருப்பதா, மாற்றுவதா

இதுவரை பார்த்தவற்றில் ரப்பர், ஃபேன், சென்சார், ஹீட்டர், வடிகால் ரப்பர், ரிலே எல்லாம் தனித்தனியே மாற்றக்கூடியவை. அவற்றில் ஒன்று கெட்டதற்காகப் பெட்டியையே கழித்துவிடுவது வீண். கம்ப்ரசர் கெட்டாலோ, சுவருக்குள் புதைந்த குழாயில் ஓட்டை விழுந்தாலோ மட்டுமே புதிதாக வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பாகம் கிடைக்க வேண்டுமே என்ற கேள்வி இங்கே எழுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு ஃப்ரிட்ஜ் மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பின்னும் சென்சார், தெர்மோஸ்டாட், போர்டு போன்றவை 7 ஆண்டுகளும், கதவு ரப்பர் 10 ஆண்டுகளும் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளரின் சட்டக் கடமை. இந்தியாவில் நுகர்வோர் நலத்துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான தளத்தைத் தொடங்கியது நல்ல முதல் அடி. பாகங்களுக்கு ஆண்டுக்கணக்கில் உறுதி தரும் சட்டமே நமக்கும் வேண்டும். வாங்கும் நாளில் நட்சத்திரக் குறியீட்டைப் பார்ப்பதோடு, நம் ஊரில் அந்த மாடலுக்கு ஃபேன் மோட்டாரும் ரப்பரும் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும்.

வாரம் ஒருமுறை பின்தட்டு, மாதம் ஒருமுறை ரப்பரும் வடிகாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கத் தூசி, சந்தேகம் எழும்போதெல்லாம் தெர்மாமீட்டர்: ஒரு வீடு செய்ய வேண்டிய பராமரிப்பு இவ்வளவுதான். கோளாறு வந்தால் அளவு, காற்று, ஐஸ், நீர், வெப்பம், மின்சாரம், கடைசியாகக் கேஸ் என்ற வரிசையில் தேட வேண்டும். அந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும் வீட்டில் பணமும் மிஞ்சும், உணவும் கெடாது; நன்றாக ஓடக்கூடிய ஒரு பெட்டி காலத்துக்கு முன் குப்பைக்குப் போகாது.